நிழலில்லா நாளில் எங்கள் பாட்டிலுக்கு மட்டும் நிழல் இருந்தது. எங்கே கோட்டை விட்டோம்?

மொட்டைமாடி (ஸ்ரீரங்கம்):

எங்கள் குடியிருப்பில் சனிக்கிழமைதோறும் பதினோரு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மொட்டைமாடியில் ஏதாவது செய்து பார்ப்போம். நான் ஆசிரியை இல்லை, வங்கியில் வேலை. ஏப்ரல் 18 திருச்சிக்கு நிழலில்லா நாள், அதாவது உச்சிவேளையில் சூரியன் தலைக்கு நேர் மேலே வரும் நாள் என்று படித்தேன். அது சனிக்கிழமையாகவும் அமைந்துவிட்டதா, விடுவேனா? மூன்று நாளாக ஒரே பில்டப். "பாட்டில் இருக்கும், அதன் நிழல் இருக்காது, பாருங்கள்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

சரியாக 12 மணிக்கு 25 செ.மீ. உயர ஸ்டீல் பாட்டிலை வைத்தோம். பக்கங்கள் நேரானவை. நிழல் ஒன்றரை செ.மீ. நீளத்துக்கு நின்றது, மேற்கே தண்ணீர்த் தொட்டி இருக்கும் பக்கமாக. அப்புறம் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. அதற்குள் பிள்ளைகளுக்குக் கால் சுட்டு, ஒற்றைக் காலில் மாற்றி மாற்றி நிற்க ஆரம்பித்துவிட்டார்கள். 12.05க்கு எல்லோரும் கீழே. படியிறங்கும்போது ஒரு பையன், "ஆன்ட்டி, நிழலில்லா நாள் நேத்தே வந்துட்டுப் போயிடுச்சோ?" என்று கேட்டான். பாவம், ஆறுதலாகத்தான் கேட்டான்.

இன்னொரு குழந்தை காப்பி டம்ளரை வைத்திருந்தாள். அதைச் சுற்றி அடியில் வளையம் போல ஒரு நிழல். அது ஏன் என்றும் எனக்குத் தெரியவில்லை.

தேதியில் தப்பா? ஆகஸ்டில் இன்னொரு முறை வரும் என்கிறார்கள். அதிலும் அசடு வழிய எனக்குத் தெம்பில்லை. கூடவே பிள்ளைகள் கேட்ட ஒரு கேள்வி: ஏப்ரலிலேயே சூரியன் தலைக்கு நேர் மேலே வந்துவிட்டால், கத்திரி வெயில் ஏன் மே மாதம்?

பழைய வாத்தியார் (தஞ்சாவூர்):

தேதி சரிதான் அம்மா. பத்து நிமிடம் முந்திக் கீழே இறங்கிவிட்டீர்கள், அவ்வளவுதான்.

நம் கைக்கடிகாரம் காட்டுவது ஸ்ரீரங்கத்து நேரம் இல்லை. இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. அது உத்தரப் பிரதேசத்தில் மிர்சாபூர் பக்கம் போகிறது. திருச்சி 78.7 டிகிரியில் இருக்கிறது. பூமி ஒரு டிகிரி திரும்ப நான்கு நிமிடம் ஆகும். வித்தியாசம் 3.8 டிகிரி என்றால் பதினைந்து நிமிடம். ஆக ஏப்ரல் 18 அன்று உங்கள் மாடிக்கு உச்சிப்பொழுது 12.15ஐ ஒட்டித்தான். வெட்கப்பட ஒன்றுமில்லை, சர்வீஸில் இருந்தபோது நானும் "நண்பகல் 12 மணி" என்று கரும்பலகையில் எழுதிப் போட்டவன்தான்.

நீங்கள் நிழலின் திசையைக் கவனித்து எழுதியது ரொம்ப நல்ல விஷயம். நிழல் மேற்கே விழுந்தால் உச்சிக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று பொருள். தேதி தவறியிருந்தால் உச்சி நேரத்திலும் வடக்கிலோ தெற்கிலோ நிழல் மிஞ்சியிருக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தேன், பதினைந்து நிமிடம் முன்னதாக 25 செ.மீ. பாட்டிலுக்கு ஏறக்குறைய 1.6 செ.மீ. நிழல் வர வேண்டும். நீங்கள் அளந்தது ஒன்றரை. பிள்ளைகளின் அளவு அவ்வளவு சுத்தம்! அதை அவர்களிடம் சொல்லுங்கள்.

டம்ளருக்கு வருவோம். நம் டம்ளர் வாய் அகன்று, அடி குறுகியது. சூரியன் நேர் மேலே இருந்தாலும் வாயின் நிழல் அடியைச் சுற்றி விழத்தான் செய்யும், அது மறையவே மறையாது. ஆனால் ஆகஸ்டில் அந்தக் குழந்தையை டம்ளரோடுதான் வரச் சொல்வேன். வளையம் ஒரு பக்கம் தடித்து, எதிர்ப்பக்கம் மெலிந்து இருக்கும். உச்சி நெருங்க நெருங்க இரண்டும் சமமாகிக்கொண்டே வரும். எல்லாப் பக்கமும் ஒரே அகலம் ஆகும் நிமிடத்தைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். நிழல் காணாமல் போவதைப் பார்ப்பதைவிட இது கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும்.

இன்னொரு சங்கதி, வாட்டம். மழைத்தண்ணீர் ஓடுவதற்காக மாடித் தளத்தைச் சரிவாகத்தான் பூசியிருப்பார்கள். ஒரு மீட்டருக்கு ஒரு செ.மீ. சரிவு என்றாலே அரை டிகிரிக்கு மேல் சாய்வு. இந்த நாட்களில் சூரியன் நண்பகலில் ஒரு நாளைக்கு நகர்வது மூன்றில் ஒரு டிகிரிதான். ஆகவே வாட்டம் உங்களை ஒன்றரை நாள் ஏமாற்றிவிடும். ஒரு பலகையைப் போட்டு, கொத்தனாரிடம் ரசமட்டம் கடன் வாங்கி, அடியில் அட்டை சொருகிச் சமன் செய்யுங்கள். அதன் பிறகு பாட்டிலை வையுங்கள்.

கத்திரி பற்றி: தோசைக்கல் அடுப்பில் வைத்தவுடன் காய்ந்துவிடுவதில்லையே. மே மாதம் முழுக்கவும் நண்பகல் சூரியன் திருச்சியின் உச்சியை விட்டுப் பதினோரு டிகிரிக்கு மேல் விலகுவதில்லை. பகலும் நீண்டுகொண்டே போகிறது. தரை வாங்கிய சூடு நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே வருகிறது.

நாஞ்சில் டீச்சர் (நாகர்கோவில்):

சார் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ஆகஸ்ட் கணக்கை மட்டும் நான் சொல்கிறேன். திருச்சிக்கு ஆகஸ்ட் 24, 25 வாக்கில் வரும், உச்சி 12.17 அளவில். எங்களுக்கு அது செப்டம்பர் பிறந்தால்தான். இந்த வருடம் 24 திங்கட்கிழமை, பள்ளி உண்டு. கவலை வேண்டாம், ஞாயிறு 23 அன்றே செய்யுங்கள். உங்கள் பாட்டிலுக்கு இரண்டரை மில்லிமீட்டர் நிழல் மிஞ்சும். முன்பே சொல்லிவைத்துவிட்டால் பிள்ளைகள் அதையே அளக்கப் பார்ப்பார்கள்.

எனக்கு ஒரு ஆசை. அன்று எங்கள் பிள்ளைகளும் இங்கே ஒரு மீட்டர் குச்சி நடட்டுமா? கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எரடோஸ்தனிஸ் என்ற கிரேக்க அறிஞர் செய்ததுதான். எகிப்தின் சையீனில் (இன்றைய அஸ்வான்) உச்சிவேளையில் நிழல் இல்லை, அதே நாளில் வடக்கே அலெக்சாண்டிரியாவில் 7.2 டிகிரி. வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. இரண்டு ஊருக்கும் உள்ள தூரத்தை ஐம்பதால் பெருக்கிப் பூமியின் சுற்றளவைச் சொல்லிவிட்டார். நமக்கு நிழலே இல்லாத ஊர் வேண்டும் என்றில்லை, இரண்டு ஊர்க் கோணங்களின் வித்தியாசம் போதும். உங்களுக்கும் எங்களுக்கும் அது 2.6 டிகிரி வர வேண்டும், வடக்கு தெற்காக 290 கி.மீ. சாலை தூரத்தை எடுத்துவிடாதீர்கள், போன வருடம் நான் அதைத்தான் செய்து பூமியைப் பெரிதாக்கினேன். வரைபடத்தில் வடக்கு தெற்காக நேர்கோடு போட்டு எடுங்கள்.

ஒரு மில்லிமீட்டர் தவறாக அளந்தால் சுற்றளவில் சுமார் 900 கி.மீ. பிசகும். நீங்கள் அந்தப் பக்கம் 12.17க்கு அளங்கள். எங்களுக்கு உச்சி ஐந்து நிமிடம் பிந்தும்படி இருந்தாலும் இங்கே நிழல் எப்போது மிகக் குட்டையோ அதையே எடுத்துக்கொள்கிறோம்.

சாக்குக்காரி:

அறிவியல் எனக்குத் தெரியாது, பிள்ளைகளின் கால் பற்றி மட்டும். இரண்டு கோணிச்சாக்கை நனைத்து விரியுங்கள். செருப்பு போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள். "சூரியன் உச்சிக்கு வந்துவிட்டதா" என்று ஒரு குழந்தையும் அண்ணாந்து பார்க்கக் கூடாது, கண் போய்விடும். நிழலைப் பார்ப்பது என்றால் நிழலை மட்டும். 11.45க்கே மேலே ஏற்றாதீர்கள், 12.10க்கு ஏறினால் போதும்.

மொட்டைமாடி (ஸ்ரீரங்கம்):

வாத்தியார் ஐயா, டீச்சர், அக்கா, மூவருக்கும் நன்றி. நாகர்கோவில் குச்சிக்கு நாங்கள் ரெடி, தனிச்செய்தியில் பேசுவோம்.

"நேத்தே போயிடுச்சோ" என்று கேட்டவனிடம் பதினைந்து நிமிடக் கதையைச் சொன்னேன். "அப்ப நம்ம ஊரு வாட்ச் எல்லாம் தப்பா ஓடுதா?" என்றான். சரி என்பதா, இல்லை என்பதா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வாட்டத்தை இன்று மாலையே சோதித்தோம். ரசமட்டம் கிடைக்கவில்லை, ஒரு கோலிக்குண்டைத் தளத்தில் வைத்தோம். நின்ற இடத்தில் ஒரு நொடி யோசித்துவிட்டுக் கிழக்கு மூலைக்கு உருண்டு, நேராக மழைநீர்க் குழாய்க்குள் போய்விட்டது. அது யாருடைய அதிர்ஷ்டக் குண்டு என்று தெரிந்த பிறகு பஞ்சாயத்து நடந்துகொண்டிருக்கிறது. குழாயின் கீழ்முனையில் இப்போது இரண்டு பேர் காவல்.