பெஸ்தாரி ஜெயா பக்கம் பார்சல் வேன் ஓட்டலாமா?

ஈஜோக் பையன் கேட்டது:
வணக்கம் அண்ணன்மாரே. நான் செம்பனை எண்ணெய் ஆலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன். சொந்த வேன் இருந்தால் ஒரு பார்சலுக்கு இவ்வளவு என்று தருவதாக ஒரு கூரியர் கம்பெனி கூப்பிடுகிறது. மலேசியாவில், சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயா பட்டணமும் சுற்றியுள்ள தோட்டங்களும்தான் ஏரியா. அப்பாவின் டீசல் வேன் வீட்டில் சும்மா நிற்கிறது. ஆலை வேலையை விடலாமா?

வேன்காரர்:
தம்பி, நானும் இந்தப் பக்கம்தான் ஓட்டுகிறேன். ஒரு பார்சலுக்கு எவ்வளவு என்பதை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிடாதே. எந்த ரூட் என்று முதலில் கேள். தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், ஒரு லோரோங் சந்துக்குள் நுழைந்தால் வரிசையாகக் கொடுத்துக்கொண்டே போகலாம். தோட்டம் அப்படி இல்லை. கேட்டில் காவலுக்கு நிற்கும் ஜாகாவிடம் சொல்லிவிட்டு, செம்மண் பாதையில் செம்பனைக் குலை ஏற்றிய லோரிக்குப் பின்னால் ஊர்ந்து, தொழிலாளர் வரிசை வீடுகள் இருக்கும் கடைசி லயத்துக்குப் போனால் அங்கே ஒரே ஒரு பார்சல் இருக்கும். இரண்டுக்கும் ரேட் ஒன்றுதான். எனக்கு இதில்தான் மனசு ஆறவே மாட்டேன் என்கிறது.

டீசலையும் கணக்குப் பார். 2024 ஜூன் 10-இல் லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 3.35-க்கு ஏறியது. அதன் பிறகு விலை ஏறி இறங்கியது, என் பார்சல் ரேட் மட்டும் நகரவே இல்லை. ஆலையில் உனக்குக் குறைந்தது 1,700 வெள்ளி சம்பளம் உண்டு. முதலாளி பங்காக இபிஎஃப் சேமநிதியில் 13 விழுக்காடு விழும். இங்கே அது கிடையாது.

அப்புறம், காசு வாங்கிக்கொண்டு கொடுக்கும் பார்சல். மகன் ஆர்டர் போட்டிருப்பான், வீட்டில் பாட்டி மட்டும் இருப்பார், கையில் பணம் இருக்காது. திருப்பி எடுத்துவந்தால் அந்த நடைக்கு எனக்கு ஒன்றும் கிடைக்காது. அதனால் பணத்தை எடுத்து வைக்கும்படி முதல் நாள் ராத்திரியே வாட்ஸ்அப்பில் சொல்லிவிடுவேன். பல லயத்தில் வீட்டு நம்பர் இருக்காது, போனில் லைனும் கிடைக்காது. கோயில் வாசலில் நின்றால் கொஞ்சம் கிடைக்கும், அங்கிருந்துதான் கூப்பிடுவேன்.

ஆனாலும் இந்த வேலையை நான் விடவில்லை. போன மாதம் ஒரு அம்மாவுக்கு ஜொகூரிலிருந்து மகள் முழங்கால் பட்டை அனுப்பியிருந்தாள். என்னையே பிரிக்கச் சொன்னார். உள்ளே இருந்த தாள் முழுக்க மலாயில். படித்துச் சொல்லி, எந்தப் பக்கம் மேலே வரவேண்டும் என்று காட்டினேன். அவர் மெல்ல எழுந்து அடுப்படி வரை நடந்து பார்த்தார். எனக்கும் ஒரு குவளை தேநீர் வந்தது. பட்டணத்தில் கேட்டுக்குள் எறிந்துவிட்டுப் போகும் வேலையில் இதெல்லாம் கிடைக்குமா?

கோல சிலாங்கூர் அக்கா:
தம்பி, முதலில் சொக்சோ சமூகப் பாதுகாப்புக் காப்புறுதி போடு. சொந்தத் தொழில் செய்கிறவர்களுக்கென்று 2017-இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. என் வீட்டுக்காரர் வேன் மழையில் வழுக்கிக் கால்வாயில் இறங்கி, அவருக்கு மணிக்கட்டு முறிந்தது. வைத்தியச் செலவும் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குப் பணமும் அதிலிருந்துதான் வந்தது. இல்லாவிட்டால் நகையை அடகு வைத்திருப்பேன். இபிஎஃப்-இல் ஐ-சாரான் என்று ஒன்று இருக்கிறது. நீயாகப் போடும் பணத்துக்கு மேல் அரசாங்கமும் கொஞ்சம் சேர்க்கும், ஆண்டுக்கு 500 வெள்ளி வரை. சின்னப் பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்வதில்லை.

ஈஜோக் பையன்:
ரொம்ப நன்றி அண்ணே, அக்கா. ரூட் பற்றிக் கேட்டேன். தோட்டப் பக்கம்தான் காலியாம், தாமான் எல்லாம் பழைய ஆட்களிடமாம்.

வேன்காரர்:
நினைத்தேன். அப்படியென்றால் தோட்ட ரூட்டுக்குத் தனி ரேட்டோ எண்ணெய்க் காசோ கேள், எழுத்தில் வாங்கு. தரமாட்டேன் என்றால் ஆலையை விடாதே. உனக்கு ஷிப்ட் லீவு வரும்போது என் வேனில் ஒரு நாள் வா. காலை ஏழு மணிக்கு ஏற்ற ஆரம்பிப்போம். மழை நாளாகப் பார்த்து வா.