வாசா போர்க்கப்பலை மரத்தில் கட்டிய அனுபவம்

நான் கட்டியது வாசா. 1628 ஆகஸ்ட் 10 அன்று ஸ்டாக்ஹோமில் முதல் பயணம் கிளம்பி, ஏறத்தாழ 1300 மீட்டர் போவதற்குள் கவிழ்ந்துபோன சுவீடன் நாட்டுப் போர்க்கப்பல். மாதிரியின் அளவு 1:75. அசல் கப்பல் 69 மீட்டர், என் மேசையில் 92 சென்டிமீட்டர். முடிக்க மூன்றரை வருஷம் ஆயிற்று.

அதில் முதல் வருஷம் முழுக்க உடற்கட்டுக்கே போனது. பிளைவுட் ஏராவில், அதாவது கப்பலின் அடி முதுகெலும்பில், குறுக்குச் சட்டங்களைச் செருகி, மூலைமட்டம் வைத்துப் பார்த்து ஒட்டுவது வரை சுலபம். அதன்மேல் 5 மில்லிமீட்டர் பட்டைகளைப் பதிக்கும்போதுதான் கை பழகவில்லை என்பது தெரியும். கப்பலுக்கு நடுவயிறு அகலம், அணியம் (முன்முனை) குறுகல். நடுவில் இருபது பட்டை பிடிக்கும் இடத்தில், முன்னால் பன்னிரண்டுக்குத்தான் இடம் இருக்கும். அதனால் ஒவ்வொரு பட்டையையும் முனையை நோக்கி இழைத்து ஒடுக்க வேண்டும். நான் ஒடுக்கவில்லை. வெந்நீரில் ஊறவைத்து, குண்டூசி குத்தி, இழுத்து வளைத்துவிட்டேன். அன்றைக்கு உட்கார்ந்துகொண்டது. காய்ந்த பிறகு ஓரங்கள் தூக்கி, மீன் செதில் மாதிரி ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் தூரிகையால் தடவிப் பசையை இளக்கி, ஒன்பது பட்டைகளைக் கழற்றினேன். திரும்பப் போட ஆறு வாரம்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஒவ்வொரு சட்டத்தின் விளிம்பையும் காகிதக் கீற்றால் அளந்து, பட்டைகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பென்சில் குறி போட்டுக்கொள்ளுங்கள். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி ஒட்டுங்கள். ஒரு பக்கத்தை மட்டும் முடித்தால் ஏராவே முறுக்கிக்கொள்ளும்.

இவ்வளவு பார்த்தும் என் கப்பலில் இரண்டு பக்கமும் ஒன்றாக வரவில்லை. மனசு ரொம்பக் கஷ்டப்பட்டது. அப்போதுதான் அசல் வாசாவின் உடலும் இரு பக்கமும் சமமில்லை, இடப்பக்கம் கனம் அதிகம் என்று படித்தேன். கப்பலுக்குள் தச்சர்களின் அளவுகோல்கள் நான்கு கிடைத்திருக்கின்றன. இரண்டில் ஓர் அடிக்கு 12 அங்குலம், அது சுவீடன் அடி. மற்ற இரண்டில் 11 அங்குலம், அது ஆம்ஸ்டர்டாம் அடி. ஒரே கப்பல் கட்டும் இடத்தில் இரண்டு விதக் கோலோடு வேலை நடந்திருக்கிறது!

உப்புத்தாள் போட்டு முடித்ததும் பீரங்கிச் சன்னல்களை வெட்டினேன். மொத்தம் 64 பீரங்கி, இரண்டு முழுத் தளங்கள். பிறகு ஒரு கட்டையில் பென்சிலைக் கட்டி, கப்பலைச் சுற்றி நகர்த்தி நீர்க்கோடு வரைந்தேன். கீழ்வரிசைச் சன்னல்களுக்கும் அந்தக் கோட்டுக்கும் நடுவே இருந்த குறுகலான இடைவெளியைப் பார்த்ததும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். நீருக்குமேல் கப்பல் அத்தனை உயரம், அத்தனை பாரம். நீருக்குக் கீழே, கப்பல் சாயாமல் இருக்கப் போடும் பாரக்கற்களை நிரப்ப அவ்வளவு சின்ன வயிறு. புத்தகத்தில் எத்தனையோ முறை படித்த விஷயம், கையில் பிடித்தபோதுதான் உறைத்தது. கிளம்புவதற்கு முன் முப்பது பேரைத் தளத்தின் குறுக்கே ஓடவிட்டுச் சோதித்திருக்கிறார்கள். மூன்றாவது ஓட்டத்திலேயே கப்பல் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார்கள். இருந்தும் கிளம்பியது.

அந்தப் பயணத்தை 75ஆல் வகுத்துப் பார்த்தேன். 17 மீட்டர் சொச்சம். மூழ்கிய இடத்தின் ஆழம் 32 மீட்டர், மாதிரியில் 43 சென்டிமீட்டர். என் பாய்மரத்தின் உச்சி அடியிலிருந்து 70 சென்டிமீட்டர். மூழ்கிய பிறகும் பாய்மரங்கள் தண்ணீருக்கு மேலே நின்றது இதனால்தான்.

*

அண்ணா, உங்கள் பதிவில் ஒன்பது பட்டையைக் கழற்றியதைப் படித்தபோது எனக்கே வலித்தது. நான் கட்டியது பிரிட்டன் நாட்டுப் போர்க்கப்பல் விக்டரி, 1:72. உடற்கட்டைவிடக் கயிறுதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. கயிற்றேணிப் படிகளை முதலில் கண்ணளவில் கட்டினேன், எல்லாம் கோணல். பிறகு ஓர் அட்டையில் 5 மில்லிமீட்டருக்கு ஒரு கோடு போட்டு, கயிறுகளுக்குப் பின்னால் செருகிவைத்துக் கட்டினேன். நூலைத் தேன்மெழுகில் இழுத்துவிட்டால் பிசிறு அடங்கும், முடிச்சும் நழுவாது. முடிச்சை இறுக்கி இழுக்காதீர்கள், ஓரக்கயிறுகள் உள்பக்கம் வளைந்துவிடும்.

இன்னொரு விஷயம், நிறம். கறுப்பு, மஞ்சள் பட்டைகள் அடித்து முடித்திருந்தேன். 2015இல் போர்ட்ஸ்மத்தில் உள்ள அசல் கப்பலுக்கு, பழைய பூச்சு அடுக்குகளை ஆராய்ந்து, டிராபல்கர் போர்க்காலத்து நிறத்தையே திரும்ப அடித்தார்கள். அது இளஞ்சிவப்பு கலந்த வெளிர் காவி. என் மஞ்சளைச் சுரண்டி மறுபடி அடித்தேன். வாசாவை நீலமாகக் கட்டினீர்களா, சிவப்பாகவா? பீரங்கிச் சன்னல்களைத் திறந்து வைத்தீர்களா, மூடியா?

*

சிவப்புத்தான் தம்பி. நீலம் பழைய கணிப்பு. பிறகு கிடைத்த பூச்சுத் துகள்கள் சிவப்பைத்தான் காட்டின. பின்புறச் சிற்பங்களுக்கு மட்டும் எட்டு மாதம் எடுத்துக்கொண்டேன். அவசரப்பட மனசு வரவில்லை.

சன்னல் கதவுகளின் உள்பக்கம் சிங்க முகம் செதுக்கியிருப்பார்கள், திறந்தால்தான் தெரியும். அன்றைக்கு மரியாதை வேட்டு போட்டதால் கீழ்வரிசை திறந்தே இருந்தது. காற்று சாய்த்தபோது தண்ணீர் அதன் வழியாகத்தான் உள்ளே ஏறியது. நானும் கீழ்வரிசையைத் திறந்தே வைத்திருக்கிறேன்.