மேக்கில் ஒரு வரிசை, உபுண்டுவில் வேறு வரிசை: தமிழ் ஊர்ப்பெயர்களை ஒரே மாதிரி அடுக்குவது எப்படி?

வெண்ணாற்றங்கரை
கும்பகோணம் பக்கம் ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்கான உறுப்பினர் பட்டியல். தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் 14. நிரல் எழுதுவது மேக்கில், சோதனை டாக்கர் கன்டெய்னரில் (உள்ளே ஆல்பைன் என்ற சிறிய லினக்ஸ்), ஓடுவது உபுண்டு சர்வரில். மேக்கிலும் ஆல்பைனிலும் திருப்பனந்தாள், திருப்பறியலூர், திருப்பழனம் என்று வருகிறது. சர்வரில் அப்படியே தலைகீழ். இன்னொன்று: உபுண்டு 18.04-இல் இருந்த தரவுக் கோப்புறையை 22.04-க்கு அப்படியே நகலெடுத்தோம். அதன்பின் பட்டியலில் கண்ணெதிரே நிற்கிற சில ஊர்கள் தேடினால் கிடைப்பதில்லை. எங்கிருந்து தொடங்குவது?

குடமுருட்டி
சர்வரில் வருவதுதான் சரியான வரிசை. நம் நெடுங்கணக்கு வ, ழ, ள, ற, ன என்று முடியும். யூனிகோட் எண்வரிசையிலோ ன, ந-வுக்கு அடுத்தே உட்கார்ந்திருக்கிறது; ற, ழ அதற்கும் பின்னால். அதனால்தான் மயிலாடுதுறைக்கு முன்னால் மன்னார்குடி வந்துவிடுகிறது. ஆல்பைனின் சி நூலகமான (நிரல்கள் சார்ந்திருக்கும் அடிப்படை நூலகம்) மசல் மொழியைப் பார்ப்பதே இல்லை, பைட்டை மட்டும் ஒப்பிடும். மேக்கின் சி நூலகத்துக்கும் தமிழ் அகரவரிசை தெரியாது. உபுண்டுவிலும் தமிழ் லோகேல் (மொழி, வட்டார அமைப்பு) உருவாக்கப்படாமல் இருந்தால், வரிகளை அடுக்கும் சார்ட் கட்டளை சத்தமில்லாமல் பைட் வரிசைக்கு இறங்கிவிடும்.

அரசலாறு
வரிசை இருக்கட்டும், முதலில் இண்டெக்ஸை (தேடலுக்காகத் தரவுத்தளம் முன்கூட்டியே அடுக்கி வைக்கும் அட்டவணை) கவனியுங்கள். அது உடைந்திருக்கிறது. உபுண்டுவின் சி நூலகம் ஜிலிப்சி. 2018-இல் வந்த அதன் 2.28 பதிப்பு ஒப்பீட்டு விதிகளைப் பெரிய அளவில் மாற்றியது. 18.04-இல் இருப்பது 2.27, 22.04-இல் 2.35. பழைய விதியில் அடுக்கிய இண்டெக்ஸில் புதிய விதிப்படி தேடினால் தவறான கிளையில் இறங்கிவிடும், கிடைக்காது. தரவுத்தளத்தின் இயல்பு கொலேஷன் (எழுத்துகளை ஒப்பிட்டு அடுக்கும் விதித்தொகுப்பு) மாறினால் எச்சரிப்பது 15-ஆம் பதிப்பிலிருந்துதான். 14 வாயே திறக்காது.

தரவுத்தளத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு, ஆம்செக் நீட்சியால் ஒவ்வோர் இண்டெக்ஸையும் சோதியுங்கள். பிறகு முழுத் தரவுத்தளத்துக்கும் ரீஇண்டெக்ஸ் (இண்டெக்ஸைத் திரும்பக் கட்டுவது). தனித்துவ இண்டெக்ஸில் (ஒரே மதிப்பு இருமுறை வரக்கூடாதது) அது தோற்றால் இரட்டைப் பதிவு நுழைந்திருக்கிறது என்று பொருள். அதைத் தேடும்போது இண்டெக்ஸ் ஸ்கேன், இண்டெக்ஸ் ஒன்லி ஸ்கேன், பிட்மேப் ஸ்கேன் மூன்றையும் அணைத்துவிடுங்கள். உடைந்த இண்டெக்ஸ் வழியே தேடினால் இரட்டை கண்ணில் படாது. இனி இயங்குதளம் மாற்றும்போது கோப்புறையை நகலெடுக்காதீர்கள். டம்ப் (தரவின் ஏற்றுமதிக் கோப்பு) எடுத்து மீட்டால் இண்டெக்ஸ் புதிதாகவே கட்டப்படும்.

வரிசைக்கு: ஊர், பெயர் நெடுவரிசைகளுக்கு ஐசியு (இயங்குதளத்தைச் சாராத யூனிகோட் நூலகம்) கொலேஷன் வையுங்கள், லோகேல் 'டிஏ' (ta, தமிழின் மொழிக்குறி). போஸ்ட்கிரெஸ் 10 முதலே இது உண்டு. மூன்று இயங்குதளத்திலும் ஒரே விடை வரும், ஐசியு பதிப்பும் ஒன்றாக இருந்தால். பதிப்பு மாறினால் முதலில் ரீஇண்டெக்ஸ், அப்புறம்தான் கொலேஷன் பதிப்பைப் புதுப்பிப்பது. முறை மாறினால் எச்சரிக்கை மட்டும் போய்விடும், பழுது அப்படியே இருக்கும்.

வெண்ணாற்றங்கரை
ரீஇண்டெக்ஸ் செய்ததும் தேடல் சரியாகிவிட்டது, நன்றி. ஐசியுவும் வைத்தாயிற்று. ஆல்பைனில் மட்டும் பட்டீஸ்வரத்துக்கு முன்னால் 'படுகை' என்று தொடங்கும் ஊர்கள் வருகின்றன.

குடமுருட்டி
அங்கே தமிழ் விதி ஏறவில்லை. ஐசியுவின் பொது வரிசை உயிர்மெய்களைச் சரியாக அடுக்கும், ஆனால் புள்ளியைக் கடைசியில் தள்ளும். ட்-ஐ ட-வுக்கு முன் வைப்பது தமிழுக்கென்று உள்ள விதி. ஆல்பைன் 3.16 முதல் ஐசியு பொதியில் ஆங்கிலத் தரவு மட்டுமே வருகிறது. முழுத் தரவுப் பொதியைத் தனியே நிறுவி, கன்டெய்னரை மறுபடி கட்டுங்கள்; அந்த நெடுவரிசைகளின் இண்டெக்ஸையும் திரும்பக் கட்டுங்கள்.

அரசலாறு
ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். 'கௌரி' என்பதைப் பலர் ஒற்றைக்கொம்பு, க, ள என்று தட்டி 'கெளரி' ஆக்கிவிடுகிறார்கள். திரையில் வித்தியாசமே தெரியாது, வரிசையில் வேறு இடத்துக்குப் போய்விடும். கொ, கோ இரண்டு துண்டாக உள்ளிடப்பட்டிருந்தால் என்எஃப்சி இயல்பாக்கம் (துண்டுகளை ஒரே குறியாக்கும் யூனிகோட் முறை) ஒட்டிவிடும். இதை ஒட்டாது, ஏனென்றால் ள தனி எழுத்து. உள்ளீட்டுப் படிவத்திலேயே கெள, செள, மெள என்று தொடங்குவதைக் காட்டி, உறுதிசெய்யச் சொல்லுங்கள். தானாக மாற்ற வேண்டாம். 'தெளிவு', 'வெள்ளாறு' எல்லாம் நியாயமான சொற்கள்.