தர்மபுரியில் தைராய்டுக்கு அயோடின்-131: ஏஇஆர்பி லைசென்ஸுக்கு எதிலிருந்து ஆரம்பிக்கணும்?

தகடூர்_நிர்வாகி:
வணக்கம். தர்மபுரி டவுனுக்கு வெளியே, பென்னாகரம் ரோட்டுப் பக்கம் 60 படுக்கை ஆஸ்பத்திரி. ஹைப்பர் தைராய்டு பேஷண்டுகளை இப்போ சேலத்துக்கோ பெங்களூருக்கோ அனுப்புறோம். இங்கேயே அயோடின்-131 (கதிரியக்க அயோடின்) கொடுக்க யோசனை, அதுக்கு ஏஇஆர்பி (அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்) லைசென்ஸ் வேணும். காப்ஸ்யூல் மட்டும், 5 முதல் 15 மில்லிக்யூரி (கதிரியக்க அளவு) வரை, வெளிநோயாளியா. கேன்சர் டோஸ் இப்போதைக்கு இல்லை. தரைத்தளத்தில் மூணு ரூம் காலியா இருக்கு. ஹாலோ பிளாக் சுவர், கழிவறை செப்டிக் டேங்குக்குப் போகுது.

ரூமை ரெடி பண்ணிட்டு அப்புறம் விண்ணப்பிக்கலாமா? டிலே டேங்க் (கதிரியக்கக் கழிவுநீரைத் தேக்கி வைக்கும் தொட்டி) கட்டணும்னு ஒருத்தர் சொல்றார், இங்கே நாலடி தோண்டினா பாறை. எக்ஸ்ரே பிரிவில் ஏற்கெனவே ஆர்எஸ்ஓவா (கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி) இருக்கிற டெக்னீஷியனையே இதுக்கும் போடலாமா? மருந்து சாப்பிட்ட பேஷண்ட் பஸ்ல ஊருக்குப் போகலாமா?

ஹாட்லேப்_சாவி:
ரூமைக் கட்டிட்டு விண்ணப்பிக்காதீங்க. இதில் பணம் வீணாகிற முதல் இடமே அதுதான். ஏஇஆர்பியின் ஈலோரா என்கிற ஆன்லைன் லைசென்ஸ் தளத்தில் முதலில் நிறுவனத்தைப் பதிவு செய்யணும். அடுத்து லே-அவுட் (அறை வரைபடம்) அனுமதி. அது கைக்கு வந்த பிறகுதான் கொத்தனாரைக் கூப்பிடணும். கட்டி முடிச்சு, ஐசோடோப் கேலிபரேட்டர் (டோஸ் அளக்க), சர்வே மீட்டர் (அறையில் கதிர் அளக்க), கன்டாமினேஷன் மானிட்டர் (சிந்தினது ஒட்டியிருக்கான்னு பார்க்க) எல்லாம் வாங்கி, ஆட்களுக்கு டிஎல்டி பேட்ஜ் (அவங்க வாங்கிற கதிரைப் பதியும் அட்டை) எடுத்து, ஆர்எஸ்ஓ ஒப்புதல் வாங்கி, கடைசியில்தான் லைசென்ஸும் மருந்து வாங்கும் அனுமதியும்.

எக்ஸ்ரே ஆர்எஸ்ஓ இதுக்குச் செல்லாது. எக்ஸ்ரே மெஷினை அணைச்சா கதிர் நின்னுடும். இங்கே கொட்டும், ஒட்டும், ஆவியாகும், உடம்புக்குள்ளே போகும். அதனால் நியூக்ளியர் மெடிசின் (கதிரியக்க மருந்து வைத்தியம்) டெக்னாலஜி படிச்சு, அதுக்கான ஆர்எஸ்ஓ தேர்விலும் பாஸ் ஆனவர் வேணும். நியூக்ளியர் மெடிசின் டாக்டரும் தனியா வேணும். தைராய்டு பார்க்கிற எண்டோகிரைனாலஜிஸ்ட் இருக்கார்னு அந்த இடத்தை நிரப்ப முடியாது.

ஆர்எஸ்ஓ ஒப்புதல் அந்த ஆளுக்கும் அந்த ஆஸ்பத்திரிக்கும் சேர்த்துத் தர்றது. அவர் வேலையை விட்டுப் போனா ஒப்புதலும் போச்சு, அடுத்தவர் வரும்வரை மருந்து வராது. பெங்களூரு மூணு மணி நேரத்தில் இருக்கிற ஊரில் இதை யோசிச்சுத்தான் சம்பளம் பேசணும். புதுசா எடுக்கிறவரை அவரோட பழைய ஆஸ்பத்திரி ஈலோராவில் விடுவிச்சிருக்கான்னும் பாருங்க. அது நடக்கலைன்னா உங்க பட்டியலில் அவரைச் சேர்க்கவே முடியாது.

ஆர்எஸ்ஓ வந்துட்டார்னு நிர்வாகம் கைகழுவவும் முடியாது. 2004 கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகளில் வேலை கொடுப்பவருக்கும் லைசென்ஸ் வைத்திருப்பவருக்கும் தனித்தனியா பொறுப்பு எழுதியிருக்கு.

சீசியம்_137:
டிலே டேங்க் விஷயத்தில் பயப்படாதீங்க. 30 மில்லிக்யூரிக்கு மேல் கொடுத்தாத்தான் பேஷண்டைத் தனி வார்டில் சேர்க்கணும். அந்த வார்டுக் கழிவறைத் தண்ணியைத் தேக்கி வைக்கத்தான் டிலே டேங்க். அந்த வார்டிலிருந்து பேஷண்டை வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு மீட்டர் தூரத்தில் மணிக்கு 50 மைக்ரோசீவெர்ட்டுக்குள் (உடம்பு வாங்கும் கதிரின் அளவு) இருக்கணும். அந்த 30 எங்கிருந்து வந்ததுன்னு கணக்குப் போட்டா புரியும். ஒரு மில்லிக்யூரி அயோடின்-131 ஒரு மீட்டரில் மணிக்குச் சுமார் 2.2 மைக்ரோசீவெர்ட் தரும். முப்பதுக்கு 66. உடம்பே கொஞ்சம் தடுத்துடும், கிட்டத்தட்ட 50-க்கு வந்துடும். உங்க 15-க்கு அதிகபட்சமே 33தான். பாறையை உடைக்க வேண்டாம்.

ஆனா கழிவறை வேணும். மருந்து குடிச்சவங்க உட்காரும் அறையோட ஒட்டி, வேற யாரும் போகாத கழிவறை. அதோட பைப் குறுக்கு வழியில் நேரா போகணும். வளைஞ்சு வளைஞ்சு வார்டு ஜன்னலுக்குக் கீழே போகக்கூடாது. செப்டிக் டேங்க் லாரி எப்போ வந்து எடுக்குதுன்னும் ஆர்எஸ்ஓவுக்குத் தெரியணும்.

மூணு ரூம் இறுக்கிப் பிடிச்சாத்தான் பத்தும். மருந்து வைக்கிறதுக்கும் அளக்கிறதுக்கும் ஹாட் லேப், கொடுக்க ஒரு இடம், குடிச்சவங்க உட்கார ஒரு இடம், கழிவு வைக்க பூட்டு போட்ட ஒரு சின்ன அறை. வரைபடத்தில் பக்கத்து அறைகளை மட்டும் காட்டினா போதாது, மேல் மாடியில் என்னன்னும் காட்டணும். மேலே பிரசவ வார்டு இருந்தா இப்பவே சொல்லிடுங்க.

ஹாலோ பிளாக் சுவரை வரைபடத்தில் வெறுமனே ‘9 இன்ச் சுவர்’னு போடாதீங்க. கதிரைத் தடுக்கிற கணக்கு கெட்டியான செங்கலையோ கான்கிரீட்டையோ வச்சுத்தான். ஹாலோ பிளாக்கில் பெரும்பங்கு காற்று. குழிகளில் கான்கிரீட் ஊற்றி நிரப்புங்க, இல்லைன்னா அந்தப் பக்கம் கெட்டிச் சுவர் எழுப்புங்க. காப்ஸ்யூல் இருக்கிற இடத்தைச் சுத்தி 5 சென்டிமீட்டர் ஈயச் செங்கல் அடுக்கிட்டா அங்கே பெரும்பாலும் கவலை விட்டது. உட்கார்ந்திருக்கிற பேஷண்டைச் சுத்தி ஈயம் அடுக்க முடியாதே, அதனால சுவர் கணக்கு முக்கியமா அவங்க உட்காரும் அறைக்குத்தான். ஒரே நேரத்தில் நாலு பேரை அங்கே உட்கார வைக்காதீங்க.

எக்ஸ்ரே ரூமிலிருந்து ஏப்ரனைக் கொண்டுவந்து மாட்டிக்கிறதும் நடக்கும். அதில் இருக்கிற 0.5 மில்லிமீட்டர் ஈயம் இந்தக் கதிரில் சுமார் பத்து சதவீதத்தைத்தான் குறைக்கும். அயோடின்-131 கதிரைப் பாதியாக்கவே சுமார் 3 மில்லிமீட்டர் ஈயம் வேணும். நீளமான இடுக்கியும் வேகமான கையும் ஏப்ரனை விட மேல்.

தகடூர்_நிர்வாகி:
ரொம்ப நன்றிங்க. மேலே பிரசவ வார்டு இல்லை, ரெக்கார்ட் ரூம். மருந்து எப்படி ஆர்டர் பண்றது, வந்ததும் என்ன பண்ணணும்? கழிவை நம்ம வழக்கமான மருத்துவக் கழிவு மஞ்சப் பையிலேயே போடலாமா?

ஹாட்லேப்_சாவி:
நவி மும்பை வாஷியில் இருக்கிற பிரிட் (கதிரியக்க மருந்து தயாரிக்கிற மத்திய அரசு அமைப்பு) நிறுவனத்திலிருந்து காப்ஸ்யூல் வாங்கலாம். ஆர்டரில் தப்பு நடக்கிறது தேதியில். குறிக்கிற மில்லிக்யூரி எந்த நாளுக்குன்னு ஒரு ரெஃபரன்ஸ் தேதி இருக்கும். அரை ஆயுள் (கதிரியக்கம் பாதியாகும் காலம்) 8 நாள், நாளுக்கு எட்டு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே குறையும். ரெஃபரன்ஸ் திங்கட்கிழமை, நீங்க கொடுக்கிறது வியாழன்னா, 10 வேணும்ங்கிறதுக்கு 13 ஆர்டர் பண்ணணும். பெட்டி ஒரு நாள் தாமதமா வந்தாலும் டோஸ் இறங்கியிருக்கும். கேலிபரேட்டரில் அளக்காம லேபிளை நம்பிக் கொடுக்கக் கூடாது. அளக்கும்போது பட்டன் டெக்னீஷியத்தில் (ஸ்கேனுக்கான வேறொரு கதிரியக்கப் பொருள்) நிக்குதா அயோடினில் நிக்குதான்னு பாருங்க. திரை மில்லிக்யூரி காட்டுதா மெகாபெக்கரல் காட்டுதான்னும் பாருங்க. 1 மில்லிக்யூரிக்கு 37 மெகாபெக்கரல்.

பெட்டி வந்ததும் கையெழுத்துப் போட்டு ரிசப்ஷனில் வைக்கிற பழக்கம் இங்கே ஆகாது. நேரா ஹாட் லேப். மஞ்சள் லேபிளில் டிஐன்னு (டிரான்ஸ்போர்ட் இண்டெக்ஸ்) ஒரு எண் இருக்கும். 0.6-ன்னா ஒரு மீட்டரில் மணிக்கு 6 மைக்ரோசீவெர்ட். சர்வே மீட்டரில் அதோட ஒத்துப் போகுதா பாருங்க. வெளிப்புறத்தைப் பஞ்சால் துடைச்சு எடுத்துப் பாருங்க, சதுர சென்டிமீட்டருக்கு 4 பெக்கரல் தாண்டினா உள்ளே ஏதோ கசிஞ்சிருக்கு.

கையுறை, டம்ளர், காப்ஸ்யூல் குப்பி எல்லாம் முதல் நாளே மஞ்சப் பைக்குப் போகாது. பையில் தேதியும் ஐசோடோப்பும் எழுதி கழிவு அறையில் பூட்டுங்க. பத்து அரை ஆயுள், அதாவது 80 நாள் ஆனா ஆயிரத்தில் ஒரு பங்காகும். சும்மா 80 நாள் எண்ணிட்டுத் தூக்காதீங்க, மீட்டரில் பின்புல அளவு (சுற்றுப்புறத்தில் எப்பவும் இருக்கிற கதிர் அளவு) வந்தா மட்டும். அப்புறம் கதிரியக்கச் சின்னத்தைக் கிழிச்சுட்டு மருத்துவக் கழிவோட அனுப்புங்க. சின்னத்தை விட்டுட்டா வண்டிக்காரர் எடுக்க மாட்டார், நியாயம்தான். காலி ஈயக் குடுவைக்கும் இதே விதி. சின்னத்தோட பழைய இரும்புக் கடைக்குப் போனா போலீஸ் வரும். 2010-ல் டெல்லி மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் கோபால்ட்-60 போய் ஓர் உயிர் போனதிலிருந்து யாரும் இதை லேசா எடுக்கிறதில்லை.

இடுக்கி_நீளம்:
ஒண்ணு விட்டுப்போச்சு. அந்தக் கழிவறையைக் கழுவும் அக்காவுக்கு முதல் நாளே சொல்லுங்க: ஆசிட், பிளீச்சிங் பவுடர் ரெண்டும் கூடாது. சிந்தின அயோடினில் அது பட்டா ஆவியாகிக் காற்றில் ஏறும், மூச்சு வழியா அவங்க தைராய்டுக்கே போகும். சோடியம் தயோசல்ஃபேட் கரைசல், உறிஞ்சும் காகிதம், கையுறை. வெளியிலிருந்து உள்பக்கமாத் துடைக்கணும். ஆசிட் பாட்டில் அந்த அறைக்குள் இல்லாம இருக்கிறதுதான் நல்லது. பேட்ஜையும் ஹாட் லேப் ஆணியில் மாட்டிட்டு சாப்பிடப் போகக்கூடாது, மூணு மாசம் கழிச்சு ரிப்போர்ட்டில் ஆள் வாங்காத டோஸ் எல்லாம் வரும்.

சீசியம்_137:
பஸ் கேள்விக்கு. 10 மில்லிக்யூரி வாங்கினவர் பக்கத்துச் சீட்டில், அரை மீட்டரில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தா சுமார் 90 மைக்ரோசீவெர்ட். அரூர் வரைக்கும் அவ்வளவுதான். பொதுமக்களுக்கு வருஷ வரம்பு 1000. வரம்புக்குள்தான், ஆனா பக்கத்தில் யார் உட்காருவாங்கன்னு யாருக்குத் தெரியும்? கார்ல டிரைவருக்கு எதிர் மூலையில், பின் சீட்டில் போகச் சொல்லுங்க. ஷேர் ஆட்டோ வேண்டாம். பஸ்தான்னா கூட்டமில்லாத நேரமாப் பார்த்து, பக்கத்துச் சீட்டு காலியா.

கர்ப்பப் பரிசோதனையை மருந்து கொடுக்கும் நாளே செய்யணும், கேட்டுக் குறிச்சா போதாது. தாய்ப்பால் கொடுக்கிறவங்க ஆறு வாரம் முன்னாடியே நிறுத்தியிருக்கணும், அந்தக் குழந்தைக்கு மறுபடி கொடுக்கக் கூடாது. கார்டைத் தமிழிலேயே அடிங்க. ‘இரண்டு மீட்டர் விலகி இருக்கவும்’னு மட்டும் போட்டா பாட்டிக்குப் புரியாது. ‘பேரப்பிள்ளையை மடியில் வைக்காதே, தனியாப் படு, உட்கார்ந்து சிறுநீர் கழி, ரெண்டு வாளி தண்ணி ஊத்து’ன்னு போடுங்க. எத்தனை நாளைக்குன்னு அவரவர் டோஸைப் பார்த்து ஆர்எஸ்ஓ கையால் எழுதணும்.