மூக்குச் சதைக்குள் எலும்பு: கண்டவர்கள் எழுதுங்கோ

மூக்குச் சதைக்குள் எலும்பு கண்டால் என்ன செய்வது என்று ஒவ்வொரு பக்கத்தாரும் எழுதியது இது.

சத்திரசிகிச்சைத் தியேட்டர் பக்கம்
மூக்குச் சதை (மூக்கின் உள்தோல் வீங்கித் தொங்கும் பொலிப்) நுங்கு மாதிரி வழுவழுப்பாக இருக்கும். ஃபோர்செப்ஸால் பிடிக்கும்போது நறுக்கென்று ஏதும் தட்டுப்பட்டால் அங்கேயே கையை நிறுத்துங்கோ. முறுக்கி இழுக்கவே கூடாது. எத்மொயிட் கூரை (மூக்குக்கும் மூளைக்கும் இடையிலுள்ள எலும்பு) மிக மெல்லியது, உடைந்தால் மூளையைச் சுற்றியுள்ள நீர் மூக்கால் ஒழுகும். எண்டோஸ்கோப்பால் சதை தொங்கும் காம்பின் அடியைக் கண்டுபிடித்து, அங்கே கத்தரித்து முழுசாக எடுங்கோ. மைக்ரோடிபிரைடர் (சதையை அரைத்து உறிஞ்சும் கருவி) வைத்தால் குழாய் அடைபடும். அதைவிட, எலும்பு துகளாகிப்போய் ஆய்வுகூடத்துக்கு ஒன்றும் மிஞ்சாது.

ஸ்கான் பக்கம்
சி.ரி.யில் வெள்ளையாகத் தெரிவதெல்லாம் எலும்பில்லை. பங்கசுக் கட்டி, மூக்குக்கல், ஒஸ்ரியோமா (புற்றில்லாத எலும்புக் கட்டி), இன்வேர்ட்டட் பப்பிலோமா (உள்நோக்கி வளரும் மூக்குத்தோல் கட்டி) எல்லாவற்றையும் யோசிக்க வேணும், ஒரு பக்கத்தில் மட்டும் சதை இருந்தால் இன்னும் கூட. பப்பிலோமா என்றால் அது முளைத்த இடத்துச் சுவர் எலும்பு தடித்திருக்கும்.

ஆய்வுகூடப் பக்கம்
பிழை கூடுதலாக நடப்பது எங்களிடம்தான். சதை என்று நினைத்து நேரே பரபின் மெழுகுக்குப் போட்டால், சீவும் கத்தி பல்லுப்போகும், சிலைட்டுக்கு எடுக்கும் மெல்லிய சீவல் கிழியும். ஆகவே 10% போமலினில், திசுவைப்போல பத்து மடங்கு அளவில், ஒரு நாள் ஊறவிட்டு விரலால் அழுத்திப் பாருங்கோ. கடினமான துண்டை வேறு கசெட்டில் (திசு வைக்கும் சின்னப் பெட்டியில்) போட்டு 10% போர்மிக் அமிலத்தில் சுண்ணாம்பை இறக்குங்கோ. நைத்திரிக் அமிலம் கெதியாக வேலை செய்யும், ஆனால் கூடுதல் நேரம் விட்டால் கலக்கருக்கள் சாயமே பிடிக்காது.

சுண்ணாம்பு இறங்கி முடிந்ததா என்று பார்க்க ஊசியால் குத்தாதேங்கோ, அந்தத் துளை சிலைட்டில் தெரியும். ஊறின அமிலத்தில் 5 மி.லீ. எடுத்து, அமோனியாவால் நடுநிலையாக்கி, நிறைவுற்ற அமோனியம் ஒக்சலேற்று 5 மி.லீ. விட்டு அரை மணித்தியாலம் வையுங்கோ. கலங்கினால் கல்சியம் இன்னும் இறங்குகிறது. அமிலத்தை மாற்றித் திரும்ப ஊறவிடுங்கோ.

மெழுகுக் கட்டி செய்த பிறகுதான் எலும்பு இருப்பது தெரிந்ததென்றால், வெட்டின முகத்தை 1% ஐதரோகுளோரிக் அமிலத்தில் கவிழ்த்து 15 முதல் 60 நிமிடம் விட்டுக் கழுவுங்கோ. மேலே உள்ள சில சீவல்கள்தான் நன்றாக வரும், திரும்பச் சீவித் தள்ளினால் அதுவும் போய்விடும்.

நோயியல் பக்கம்
சதைக்குள் பிறந்த எலும்பா, சுவரில் இருந்து பிய்ந்து வந்ததா? பிய்ந்தது ஓரத்தில், கூரான முறிவு விளிம்போடு கிடக்கும். பிறந்தது வீங்கின திசுவின் நடுவில், ஒஸ்ரியோபிளாஸ்ற் (எலும்பை உருவாக்கும் கலம்) வரிசை சூழ, சுற்றியுள்ள நாரோடு கலந்து நிற்கும். மேலே சுவாசத் தோல் முழுசாக இருக்கும். நாட்பட்ட அழற்சியில் நார்க்கலங்கள் எலும்புக் கலங்களாக மாறுவதால் வருவது இது, புற்றுநோய் இல்லை. ஆனால் கலங்களில் ஒழுங்கீனம் தெரிந்தால் ஒஸ்ரியோசார்க்கோமாவை (எலும்புப் புற்றுநோயை) நினையாமல் றிப்போட் எழுதாதேங்கோ. திசுவோடு அனுப்பும் ஃபோமில் எந்தப் பக்கம், காம்பு எங்கே என்று எழுதி அனுப்பினால் எங்களுக்குப் பாதி வேலை முடிந்தமாதிரி.

கிளினிக் பக்கம்
“கிணத்துத் தண்ணியில சுண்ணாம்பு கூட, அதாலயோ டொக்டர்?” என்று கேட்பார்கள். இல்லை. எங்கட சுண்ணக்கல் நிலத்துத் தண்ணீர் கேத்தலில்தான் படியும், மூக்கில் படியாது. ஆனால் மூக்குக் கழுவ அதைக் கொதிக்கவைத்து ஆறவிட்டுத்தான் எடுக்க வேணும். ஸ்ரீரொயிட் ஸ்பிரே சதையைச் சுருக்கும், உள்ளே இருக்கும் எலும்பைச் சுருக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுங்கோ.