கொரோலா 121: தூர ஓட்டத்துக்குப் பிறகு ஒயில் லைற் மினுங்குது, பம்ப் மாத்தத்தான் வேணுமோ?

ஊர்காவற்றுறை_121:
வணக்கம். 2004 கொரோலா 121, 1என்இசட் எஞ்சின், 1,48,000 கிலோமீற்றர் ஓடினது. சம்ப் (எஞ்சினுக்கு அடியில ஒயில் நிக்கிற தட்டு) அடியில துருப்பிடிச்சு ஒயில் கசிஞ்சதால மூண்டு கிழமைக்கு முதல் ஒரு கராஜில வேற சம்ப் பூட்டி, ஒயிலும் பில்ரரும் மாத்தினது. பண்ணைப் பாலத்தால ரவுணுக்குப் போய்வர ஒண்டுமில்லை. ஏ9 ஆல கிளிநொச்சி மட்டும் ஓடிப்போய் நிப்பாட்டினா ஐடிலில சிவப்பு ஒயில் லைற் மினுங்குது. கொஞ்சம் அக்ஸிலேற்றர் குடுத்தா அணையுது. டிப்ஸ்ரிக்கில ஒயில் மேல் கோட்டுக்குக் கிட்ட நிக்குது. பிரஷர் சுவிச் (லைற்றைக் கொளுத்திற சுவிச்) புதுசு போட்டும் அதே கதை. "பம்ப் போயிட்டுது, முன் கவர் கழட்டோணும், இல்லாட்டி 20டபிள்யூ-50 (தடிச்ச ஒயில்) ஊத்திப் பாப்பம்" எண்டு கராஜில சொல்லுகினம். எது சரி?

கோண்டாவில்_ஸ்பனர்:
தம்பி, ரெண்டு கேள்வி. லைற் மினுங்கின உடன எஞ்சினை நிப்பாட்டி, 10 நிமிசம் விட்டு அதே சூட்டில ஸ்ராட் பண்ணினா லைற் வருதோ இல்லையோ? மற்றது, சம்ப் விளிம்பில ஒயில் கசியாமல் பூசிற சிலிக்கோன் பசை எவ்வளவு பிதுங்கி நிக்குது எண்டு குனிஞ்சு பாரும். அதுமட்டும் தூரம் ஓடாதையும்.

ஊர்காவற்றுறை_121:
10 நிமிசம் விட்டா வாறேல்லை அண்ணை. திரும்ப ஒரு 20 கிலோமீற்றர் ஓடத்தான் வருது. சிலிக்கோன் சுத்திவரச் சின்னவிரல் தடிப்பில சிவப்பாப் பிதுங்கிக் கிடக்கு.

கோண்டாவில்_ஸ்பனர்:
வெளியால அவ்வளவு பிதுங்கினா உள்ளுக்கையும் அவ்வளவு பிதுங்கியிருக்கும். உள்ளுக்கு நிக்கிறது சூட்டு ஒயிலில ஊறிப் பிஞ்சு, ஸ்ரெயினர் (பம்ப் ஒயில் உறிஞ்சிற வாயில இருக்கிற வடி) வலையில போய் ஒட்டும். ஓட ஓடப் பம்ப் உறிஞ்சி அதை வலையோட அப்பிப் பிடிக்கும். எஞ்சின் நிண்டா உறிஞ்சல் இல்லை, துண்டு கழண்டு சம்ப் அடிக்கு விழும். அதுதான் 10 நிமிசத்தில லைற் "சுகமாகிற" மாயம். பம்போ, கிராங் தண்டைத் தாங்கிற பெயாரிங்கோ தேஞ்சிருந்தா 10 நிமிசத்தில மாறாது. அதே சூட்டில திரும்ப ஸ்ராட் பண்ணினா ஐடிலில உடனயே மினுங்கும்.

இந்த எஞ்சினில ஒயில் பம்ப் தனியா இல்லை. ரைமிங் செயின் கவருக்குள்ள, கிராங் முனையிலயே சுத்துற ரெண்டு ரோட்டர். அதைப் பாக்க ரொக்கர் கவர், வலப்பக்க மவுண்ட், கிராங் புலி எல்லாம் கழட்டோணும். சம்ப் கழட்டுறது அதோட பாக்கேக்க அரைநாள் வேலை. ஆனபடியா முதல் சம்ப், பேந்துதான் பம்ப்.

மானிப்பாய்_டீசல்:
சம்பைத் தொட முதல் ஒருக்கா ஒயில் பிரஷர் கேஜ் வைச்சுப் பாருங்கோ. சுவிச்சைக் கழட்டின ஓட்டையில எட்டிலொண்டு பைப் திரெட் கேஜ் பூட்டலாம். எஞ்சின் நல்லாச் சூடானாப் பிறகு ஐடிலில சுமார் 7 பிஎஸ்ஐக்குக் கீழ போகக்கூடாது, 3000 ஆர்பிஎம்மில 22க்கு மேல நிக்கோணும். ஓடி வந்து ஒருக்கா, 10 நிமிசம் ஆறவிட்டு ஒருக்கா எடுங்கோ. ரெண்டு அளவுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தா ஸ்பனர் அண்ணை சொல்லுறதுதான்.

20டபிள்யூ-50 ஊத்தாதேங்கோ. அடைபட்ட வலைக்குள்ளால தடிச்ச ஒயில் இன்னும் கஷ்ரப்பட்டுத்தான் வரும், அதுவும் காலமைக் குளிர் ஸ்ராட்டில. லைற்றை மறைக்கிற வேலை அது. 5டபிள்யூ-30, இல்லாட்டி எங்கட வெக்கைக்கு 10டபிள்யூ-30 காணும். பிளஷ் ஒயிலும் (எஞ்சின் உள்ளைக் கழுவிற ஒயில்) வேண்டாம். கிடக்கிற ஊத்தையையும் கிளப்பி வலைக்கே அனுப்பும்.

ஊர்காவற்றுறை_121:
கேஜ் வைச்சுப் பாத்தாச்சு. ஓடி வந்த உடன ஐடிலில 3, 3000இல 14. ஆறவிட்டு ஸ்ராட் பண்ண 11, 40. சம்பை நானே கழட்டலாமோ?

கோண்டாவில்_ஸ்பனர்:
அப்ப பம்ப் நல்லம். கழட்டலாம், அவசரப்படாட்டி.

இதில சம்ப் ரெண்டு துண்டு: மேல அலுமினியம், கீழ தகரம். கழட்டிறது கீழ்த் தகரம் மட்டும். வடிகால் பிளக் 14 ஸ்பனர்; ஒயில் சூடா இருக்கேக்க வடிய விடும், கை சுடாமல். சுத்திவர 10 ஸ்பனர் போல்ற், நட். அதுகளைக் கழட்டினாலும் சம்ப் வராது, சிலிக்கோன் பிடிச்சிருக்கும். பெரிய ஸ்குரூ டிரைவர் குடுத்து நெம்பாதையும். அலுமினிய முகத்தில ஒரு கீறல் விழுந்தா பேந்து எந்தச் சிலிக்கோனும் அதை மறைக்காது. மெல்லிய தகட்டை விளிம்புக்கால விட்டுத் தட்டித் தட்டிச் சுத்திவர அறுக்கோணும்.

சம்ப் வந்த உடன அடியில விரலால தடவிப் பாரும். றப்பர் நூல் மாதிரிச் சிவப்புத் துண்டு எண்டா அதுதான் கள்ளன். மினுங்கிற தூள், செம்பு நிறத் தகடு வந்தா நிப்பாட்டிப்போட்டு இங்க எழுதும். அது பெயாரிங் கதை.

ஸ்ரெயினரையும் கழட்டி வலையைப் பெற்றோலில கழுவி, வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பாரும். அதின்ர கஸ்கெற்றை (மூட்டில வைக்கிற அடைப்பு) கட்டாயம் புதுசு போடும். பழசு காத்தை உறிஞ்சினாலும் பிரஷர் இப்பிடித்தான் விழும், பிறகு திரும்பவும் பம்பைத்தான் குறை சொல்லுவினம்.

சுன்னாகம்_கராஜ்:
பூட்டிற பக்கம் நான் சொல்லுறன், பிழை விடுறது அங்கதான்.

ரெண்டு முகத்திலயும் பழைய சிலிக்கோன் ஒரு துளியும் இருக்கப்படாது. பிளாஸ்ரிக் ஸ்கிரேப்பரால சுரண்டி, தின்னர் துணியால எண்ணெய்ப் பசை போகத் துடையுங்கோ. தகர சம்பைக் கண்ணாடியில குப்புற வைச்சுப் பாருங்கோ: போல்ற் ஓட்டைகள் மேல உந்தியிருந்தா மரக்கட்டை வைச்சுத் தட்டி மட்டமாக்கோணும். கூட இறுக்கிற சம்பெல்லாம் இப்பிடித்தான் உந்தும், பேந்து சிலிக்கோனை அள்ளிப் பூசுவினம்.

சம்ப் அடி நசுங்கியிருந்தா இன்னொரு சோதினை. ஸ்ரெயினர் வாயில ஒரு உருண்டை களி வைச்சு, சிலிக்கோன் இல்லாமல் சம்பை மேல அமத்திக் கழட்டுங்கோ. களி கடதாசி மாதிரிச் சப்பையானா சம்ப் அடி வாயை மூடுது, தட்டி எடுக்கோணும்.

சிலிக்கோன் 3 மில்லிமீற்றர் தடிப்பில ஒரே கோடு, போல்ற் ஓட்டைக்கு உள்பக்கத்தால. கோடு போட்டு 3 நிமிசத்துக்குள்ள சம்ப் ஏறோணும். 9 நியூட்டன் மீற்றர்தான் இறுக்கம், குறுக்கும் மறுக்குமா. சின்ன ரச்செற்றில மணிக்கட்டால இறுக்கிறது காணும். ஒயில் ஊத்த முதல் குறைஞ்சது 2 மணித்தியாலம் விடுங்கோ. வடிகால் பிளக் வாசர் புதுசு, இறுக்கம் 37 நியூட்டன் மீற்றர்.

பில்ரரும் மாத்துங்கோ, துண்டுகள் அங்கயும் போயிருக்கும். ஒயில் 3.7 லீற்றர், 4 லீற்றர் கானை முழுக்கக் கவிழ்க்காதேங்கோ. எஞ்சின் பத்தாமல் இருக்க ஈஎஃப்ஐ (பெற்றோல் இன்ஜெக்‌ஷன்) பியூஸைக் கழட்டி, ஸ்ராட்டரால 10 செக்கன் சும்மா சுத்தவிட்டு, லைற் அணைஞ்சாப் பிறகு பியூஸ் போட்டு ஸ்ராட் பண்ணுங்கோ. ஒயில் ஏறமுதல் செயினை இறுக்கிப் பிடிக்கிற ரென்சனர் கொஞ்சம் கடகடக்கும், பயப்பிடாதேங்கோ.

பழைய ஒயிலைக் கானில அடைச்சுக் கராஜில குடுங்கோ. எங்கட நிலம் சுண்ணக்கல், காணிக்குள்ள ஊத்தினது கிணத்துக்குத்தான் போகும். சுன்னாகத்துக் கிணறுகள் பட்ட பாடு தெரியுந்தானே.

ஊர்காவற்றுறை_121:
கழட்டியாச்சு. வலையில பாதிக்கு மேல சிவப்புத் துண்டுகள், ஒண்டு மண்புழு நீளம். தூள் ஒண்டுமில்லை. சொன்ன மாதிரிப் பூட்டிக் கிளிநொச்சி போய்வந்தன்: ஐடிலில 12, 3000இல 41, ஓடினாப் பிறகும் அதே. தீவுப் பக்க உப்புக் காத்துக்குச் சம்புக்கு என்ன பூசலாம்?

சுன்னாகம்_கராஜ்:
துருவைத் தேய்ச்சு ரெட் ஒக்சைட் (துருவைத் தடுக்கிற அடிப்பூச்சு), காய்ஞ்சாப் பிறகு ரெண்டு கோட் பெயின்ற். பிளக் திரெட்டிலயும் அது இருக்கிற முகத்திலயும் படவேண்டாம். 500 கிலோமீற்றரில பில்ரரை ஒருக்கா வெட்டிப் பாருங்கோ, தப்பின துண்டு இருந்தா அதுக்குள்ள நிக்கும்.