கடையெல்லாம் பூட்டு, திங்கட்கிழமைக்குள் மகளுக்கு லாந்தராம்: ஜெர்மனிக்குப் புதிது, உதவுங்கள்

கேட்டவர்:
வணக்கம். நாங்கள் ஜெர்மனி வந்து சில வாரங்கள்தான் ஆகின்றன. இன்று சனிக்கிழமை, நவம்பர் 1. காலையில் பால் வாங்கப் போனால் சூப்பர் மார்க்கெட், மருந்துக் கடை எல்லாம் பூட்டிக் கிடக்கின்றன. நாளை ஞாயிறு, எப்படியும் திறக்காது. கணவர் வேலை விஷயமாக வெளியூர் போயிருக்கிறார். மகளின் பையில் நேற்று ஒரு தாள் இருந்தது. கைபேசியில் மொழிபெயர்த்துப் பார்த்தால் புனித மார்ட்டின், 11ஆம் தேதி மாலை 5 மணி, லாந்தர், ஏதோ ஒரு தொகை, திங்கட்கிழமைக்குள் என்று வருகிறது. லாந்தரையே திங்கட்கிழமை கொண்டுபோக வேண்டுமா? இருட்டில், குளிரில் எதற்குக் குழந்தைகளைத் தெருவில் கூட்டிப் போகிறார்கள்? சர்ச் நிகழ்ச்சியா? போகாவிட்டால் தப்பாக நினைப்பார்களா? அவளுக்கு நேற்றிலிருந்து இருமல், லேசான காய்ச்சல் வேறு. யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

பெர்லின்வாசி:
இன்று விடுமுறையே கிடையாது. இப்போதுதான் கடைக்குப் போய்ப் பால், தயிர் எல்லாம் வாங்கி வந்தேன். வேறு கடை பாருங்கள். அதைவிட முக்கியம், குளிர்காலக் கோட்டு வாங்கிவிட்டீர்களா? நான் வந்த வருஷம் நவம்பரில் வெயிலையே பார்க்கவில்லை. வேலைக்குப் போகும்போதும் இருட்டு, திரும்பும்போதும் இருட்டு. யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. நல்ல கோட்டு, நல்ல பூட்ஸ், இந்த இரண்டிலும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள்.

முனிச்வாசி:
பெர்லினில் விடுமுறை இல்லையென்றால் நாடு முழுக்க இல்லை என்று ஆகிவிடுமா? நவம்பர் 1 அனைத்துப் புனிதர் நாள். பவேரியா, பாடன் வூர்ட்டம்பெர்க், நார்த் ரைன் வெஸ்ட்ஃபாலியா, ரைன்லாந்து பலட்டினேட், சார்லாந்து, இந்த ஐந்து மாநிலங்களிலும் இன்று விடுமுறை. எங்களுக்கு ஜனவரி 6ஆம் தேதியும் உண்டு, பெர்லினில் கிடையாது. இங்கே விடுமுறைப் பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கேட்டவர் எந்த ஊர் என்று சொல்லாமல் யாரும் சரியாகப் பதில் சொல்ல முடியாது.

ஹாம்பர்க்வாசி:
எங்களுக்கு நேற்றே முடிந்துவிட்டது. அக்டோபர் 31, புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்களின் சீர்திருத்த நாள். 2018இலிருந்து இங்கேயும் விடுமுறை. ஆனால் விடுமுறை வந்து என்ன பயன்? அழைக்கவும் ஆள் இல்லை, போகவும் இடம் இல்லை. நாங்கள் வந்த முதல் டிசம்பரில் 24ஆம் தேதி மதியத்தோடு ஊரே அடங்கிவிட்டது, 25, 26 இரண்டும் விடுமுறை. வீடும் கிடைக்கவில்லை, ஒரு சிறிய அறையில் சாமான்களோடு உட்கார்ந்திருந்தோம். தீபாவளிக்கு ஒரு மத்தாப்புக்குக்கூட யோசிக்க வேண்டியிருக்கிறது. வெடி விற்பதே வருஷக் கடைசி மூன்று நாள்தான். புத்தாண்டு இரவு மட்டும் தெருவே அதிரும். மற்ற நாளில் இரவு பத்து மணிக்கு மேல் நாற்காலியை இழுத்தாலே கீழ்வீட்டுக்காரர் மணியடிக்கிறார்.

கொலோன்வாசி:
11ஆம் தேதியா? வெளியே வராதீர்கள். அன்று காலை 11 மணி 11 நிமிடத்துக்கு இங்கே கார்னிவல் பருவம் தொடங்கும். வேஷம் போட்ட கூட்டம், பீர் பாட்டில், ரயிலில் கால் வைக்க இடம் இருக்காது. கைக்குழந்தையோடு அதில் மாட்டி நான் பட்ட பாடு போதும்.

பெர்லின்வாசி:
கோட்டு வாங்கச் சொன்னது யாருக்கும் பொருட்டாகப் படவில்லை போலிருக்கிறது. இந்த நாட்டில் பத்து வருஷம் இருந்தாலும் நாம் விருந்தாளிதான்.

ஹாம் அக்கா:
தங்கச்சி, இவ்வளவு பேர் எழுதியும் பிள்ளையின் காய்ச்சலைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. முதலில் அதைப் பார்ப்போம். விடுமுறை நாளிலும் வைத்தியர் வேண்டுமென்றால் 116117 என்ற எண்ணுக்கு அழையுங்கள், நாடு முழுக்க இதே எண்தான். மூச்சு விடக் கஷ்டப்பட்டாலோ, பிள்ளை துவண்டு போனாலோ யோசிக்காமல் 112. மருந்துக் கடைகள் முறைவைத்து இரவும் விடுமுறையும் திறந்திருக்கும். பூட்டிய கடையின் கதவிலேயே இன்று எந்தக் கடை முறை என்று ஒட்டியிருப்பார்கள். பாலுக்குப் பெட்ரோல் நிலையம், பெரிய ரயில் நிலையத்துக்குள் இருக்கும் கடைகளைப் பாருங்கள். இப்போது சொல்லுங்கள், எந்த ஊர், பிள்ளைக்கு எத்தனை வயது?

கேட்டவர்:
மன்னிக்கவும் அக்கா, பதற்றத்தில் விட்டுவிட்டேன். டியூஸ்பர்க். நான்கு வயது, கிண்டர்கார்டனில் சேர்த்திருக்கிறோம். 116117க்கு அழைத்தேன், ஆங்கிலம் தெரிந்தவர் பேசினார். நன்றாகத் தண்ணீர் கொடுங்கள், காய்ச்சல் ஏறினால் மறுபடி அழையுங்கள் என்றார். இப்போது தூங்குகிறாள். அந்தத் தாள்தான் இன்னும் புரியவில்லை.

ஹாம் அக்கா:
டியூஸ்பர்க் நார்த் ரைன் வெஸ்ட்ஃபாலியாவில் இருக்கிறது, அதனால்தான் இன்று விடுமுறை. தெருமுனையில் கியோஸ்க் என்ற சிறு கடையிலேயே பால் கிடைக்கும். ரூர்ப் பகுதியில் அவை ஞாயிறும் பெரும்பாலும் திறந்திருக்கும்.

தாளுக்கு வருவோம். மார்ட்டின் ரோமப் படைவீரர், குளிரில் நடுங்கிய ஏழைக்குத் தன் மேலங்கியை வாளால் இரண்டாகக் கிழித்துக் கொடுத்தவர் என்பது கதை. நவம்பர் 11 அவருடைய நாள். சர்ச்சிலிருந்து வந்த வழக்கம்தான், ஆனால் எங்கள் பக்கத்தில் எல்லா மதப் பிள்ளைகளும் லாந்தரோடு நடக்கிறார்கள். சைவ சமயப் பிள்ளைகளான என் இரண்டு பேரும் நடந்தார்கள். வராத வீட்டை யாரும் குறையாக நினைக்கப் போவதில்லை. லாந்தரைப் பெரும்பாலும் கிண்டர்கார்டனிலேயே பிள்ளைகளைக் கொண்டு செய்விப்பார்கள். நீங்கள் வாங்க வேண்டியது முனையில் பேட்டரி விளக்கு தொங்கும் தடி மட்டுமாக இருக்கலாம். அந்தத் தொகை மனித உருவில் சுடும் இனிப்பு பணிசுக்காக, அதாவது பன்னுக்காக, இருக்கும். எத்தனை வேண்டும் என்று முன்கூட்டியே எண்ணுவார்கள், அதனால்தான் திங்கட்கிழமைக் கெடு. முட்டை சாப்பிடாத வீடென்றால் கேட்டுக்கொள்ளுங்கள்.

கொலோன் தம்பி சொல்வது காலையில், நகர நடுவில். இது மாலையில், உங்கள் தெருவில். இரண்டையும் போட்டுக் குழப்ப வேண்டாம்.

நான் ஜேர்மனிக்கு வந்த புதிதில் பெர்லின் தம்பி மாதிரித்தான் கதைத்துக்கொண்டு இருந்தேன். லாந்தர் ஊர்வலத்தில் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். மார்ட்டின் வேஷத்தில் முன்னால் குதிரையில் வருபவர் அநேகமாகப் பக்கத்துக் குதிரையேற்றச் சங்கத்து ஆள். ஊர்வலம் முடிந்ததும் மூட்டும் நெருப்புக்குக் காவல் நிற்பவர்கள் தொண்டுத் தீயணைப்புப் படை. வாத்தியம் வாசிப்பது ஊர் இசைச் சங்கம். தேநீர் ஊற்றுவது பெற்றோர். பலருக்கும் சம்பளம் இல்லை. இங்கே ஒரு ஊர் ஓடுவதில் பாதி இப்படித்தான். அழைப்புக்குக் காத்திருந்தால் வருஷக்கணக்காகக் காத்திருக்க வேண்டும், ஒரு வேலையைக் கையில் எடுத்தால் அடுத்த மாதமே பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். எனக்கு இதில் சந்தேகமே இல்லை. 2002இல் எங்கள் ஹாம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோவில் திறந்ததும், கோடையில் தேர் வீதிக்கு வருவதும் அப்படித்தான். அனுமதி, வீதி மறிப்பு, குப்பை அள்ளுவது எல்லாவற்றுக்கும் ஆட்கள் முன்வந்ததால்தான் நடக்கிறது. அயலில் உள்ள ஜேர்மன் குடும்பங்களும் வந்து நின்று பார்க்கும்.

ஹாம்பர்க்வாசி:
அக்கா சொன்னதை யோசிக்கிறேன். எங்கள் தெருவில் கோடை விழா நடக்கும், அறிவிப்பு கதவில் ஒட்டுவார்கள். மேசை தூக்க ஆள் தேவை என்று போட்டிருக்கும். அடுத்த முறை பெயர் கொடுக்கிறேன்.

முனிச்வாசி:
ஒன்று மட்டும் சேர்க்கிறேன். உங்கள் மாநிலத்தின் விடுமுறைப் பட்டியலையும், கிண்டர்கார்டன் மூடும் நாட்களையும் இன்றே கைபேசியில் ஏற்றுங்கள். கார்னிவலின் உச்ச நாளான ரோஸ் திங்கள் சட்டப்படி விடுமுறை இல்லை, ஆனால் ரைன் நதிப் பக்கத்தில் கிண்டர்கார்டனும் பல அலுவலகங்களும் அன்று மூடியிருக்கும். அது பட்டியலில் வராது, ஆசிரியரிடம் கேட்டுத்தான் தெரியும்.

ஹாம் அக்கா:
சரி தங்கச்சி. திங்கள் காலையில் காய்ச்சல் இருந்தால் பிள்ளையை அனுப்ப வேண்டாம், எட்டு மணிக்கு முன்னால் அழைத்துச் சொல்லுங்கள். அதே அழைப்பில் லாந்தர், பணிசு, பணம் மூன்றையும் கேட்டுவிடுங்கள். 11ஆம் தேதி தேநீர் மேசைக்கு ஆள் வேண்டுமா என்றும் கேளுங்கள். தாளைப் படமெடுத்து, பிள்ளையின் பெயரை மறைத்து இங்கே போட்டால் இன்றைக்கே வரிக்கு வரி எழுதித் தருகிறேன்.